பகடை விழுமுன் சொல்லுங்கள்!



விளையாட்டைப் பற்றி மாணவர் ஏட்டில் எழுதுவதென்றால் கால்பந்தைப் பற்றி எழுதுவார்கள். கிரிக்கெட்டைப் பற்றி எழுதுவார்கள். நான் எழுத வந்திருப்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஓர் ஆட்டத்தைப் பற்றி. அதிலும், அந்த ஆட்டத்தில் வரும் சண்டை விதிகளுக்குப் பொருள் சொல்லும் உரிமை யாருடையது என்பதைப் பற்றி. "பொழுது போக்க ஆடும் ஆட்டத்தில் உரிமை என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று சிலர் நகைக்கக் கூடும். நகைக்கட்டும். நம் விடுதியில் அத்தகைய மேஜை ஒன்றிலிருந்து முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்து போனார். மறுபடி அங்கே வந்து உட்காரவில்லை. அவர் எழுந்து போனதற்கு நானும் ஒரு காரணம். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது பாறசாலைக்கு அருகில் உள்ள ஓர் எல்லைக் கிராமத்தில். என் தாத்தா பிழைப்புத் தேடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து அங்கே வந்தவர். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆச்சி சுண்ணாம்புக் கட்டியால் தாயக் கட்டம் வரைந்திருப்பாள். விடுமுறை வந்துவிட்டால் அந்தத் திண்ணையில் இடம் இராது. களியக்காவிளையிலிருந்து அத்தை மக்கள் வருவார்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து சித்தப்பா பிள்ளைகள் வருவார்கள். பக்கத்து வீட்டு மலையாளப் பிள்ளைகளோ எப்போதும் உண்டு. எல்லோரும் தாயம் ஆடத் தெரிந்தவர்கள்தாம். ஆனால் ஒரு வீட்டுத் தாயம் இன்னொரு வீட்டுத் தாயம் அன்று!

தாயத்தில் சண்டை என்பது வெட்டு. எதிராளியின் காய் நிற்கும் கட்டத்தில் என் காய் போய் விழுந்தால் அவன் காய் வெட்டுப்பட்டு வெளியே போகும். இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் கேள்விகள் இதற்குப் பின்தான் தொடங்குகின்றன. வெட்டியவனுக்கு இன்னொரு வீச்சு உண்டா, இல்லையா? ஒரு காயாவது வெட்டாதவன் உள்கட்டத்துக்குள் நுழையலாமா, கூடாதா? ஒரே கட்டத்தில் இரண்டு காய்கள் சேர்ந்து நின்றால் ஒற்றைக் காய் வந்து வெட்டலாமா? களியக்காவிளைக்காரன் ஒன்று சொல்வான். நெய்யாற்றின்கரைக்காரன் வேறொன்று சொல்வான். இருவரும் தத்தம் அம்மாவைச் சாட்சிக்கு அழைப்பார்கள். ஆகவே ஆச்சி கட்டையைக் கையில் எடுத்ததும் உருட்டமாட்டாள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டே கேட்பாள்:

"மக்கா, மொதல்ல பேசிக்கிடுங்க. வெட்டுனா மறு ஆட்டம் உண்டா? வெட்டாதவன் உள்ள போலாமா? பேசி முடிச்ச பெறவு கட்டைய உருட்டுதேன். உருட்டுன பெறவு எவனும் வாயத் தொறக்கப்படாது."

இது கிழவியின் கண்டிப்பு என்றுதான் அன்று நினைத்தேன். புள்ளியியல் படிக்க வந்த பிறகே அதன் ஆழம் விளங்கிற்று. இரண்டு பித்தளைத் தாயக் கட்டைகள்; ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு பக்கங்கள். கட்டை நேர்மையானது என்று கொண்டால் 16 வகையில் விழலாம். அவற்றுள் தாயம், அதாவது ஒன்று, விழும் வகைகள் இரண்டே. எட்டு வீச்சுக்கு ஒரு தாயம் என்பது கணக்கு. ஐந்து விழும் வகைகளும் இரண்டு. "தாயம் போட்டால்தான் காய் இறங்கும்" என்பது ஒரு வீட்டு விதி. "ஐந்து போட்டாலும் இறங்கும்" என்பது இன்னொரு வீட்டு விதி. முதல் வீட்டில் எட்டுக்கு ஒன்றாக இருந்த வாய்ப்பு, இரண்டாம் வீட்டில் நான்குக்கு ஒன்றாகிறது. கட்டை அதே கட்டை. கை அதே கை. விதிக்குச் சொன்ன பொருள் மாறியதும் அதிர்ஷ்டம் இரட்டித்துவிட்டது! அப்படியானால், ஐந்து விழுந்த பிறகு "எங்கள் வீட்டில் ஐந்துக்கும் இறங்கும்" என்று ஒருவன் சொல்வது வாதமா, களவா? ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. களவு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இனி நம் விடுதி மேஜைக்கு வருவோம். அங்கே ஆடப்படுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் அமெரிக்க ஆட்டம். அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். இதில் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்கிறார்கள்: ஒருவர் வாள் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர். ஒருவர் மட்டும் நடுவராக இருந்து கதையை நடத்துகிறார்; எதிரிகளையும் அவரே ஆட்டுவிக்கிறார். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 1974-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள். அதற்கு முன் 1971-இல் கைகாக்சும் ஜெஃப் பெர்ரன் என்பவரும் செயின்மெயில் என்ற பெயரில் பொம்மைப் படைகளுக்கான போர் விதிகளை எழுதியிருந்தனர். 1974-இன் நூல், சண்டைக்குச் செயின்மெயிலைப் பயன்படுத்தச் சொன்னது. மாற்று முறையாக இருபது முகப் பகடை முறை ஒன்றையும் தந்தது. மாற்றாக வந்த அதுவே பின்னர் நிலைத்தது. ஆக, பிறந்த நாள் தொட்டே இந்த ஆட்டத்தில் சண்டைக்கு இரண்டு வழிகள். எந்த வழி என்று மேஜையில் இருந்தோர்தாம் பேசி முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இன்று வழங்கும் முறை எளிது. பகடையை உருட்டு, விழுந்த எண்ணோடு உன் பாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்டு, அது எதிரியின் கவச எண்ணை எட்டினாலோ தாண்டினாலோ அடி பட்டது. பகடையின் ஒரு முகத்துக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு. பதினொன்றும் அதற்கு மேலும் விழுந்தால் அடி படும் என்றால் நூற்றுக்கு ஐம்பது. "உனக்கு வசதியான நிலை; இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்" என்று நடுவர் சொல்லிவிட்டால் அந்த ஐம்பது எழுபத்தைந்தாகும். "வசதியற்ற நிலை, சிறியதை எடு" என்றால் இருபத்தைந்தாகும். நடுவரின் ஒரு சொல்லுக்கு ஐம்பது பங்கு எடை! மறைந்து நின்றாயா, நிற்கவில்லையா, எதிரி உன்னைக் கண்டானா, காணவில்லையா என்ற கேள்விகளுக்குச் சொல்லும் விடையில்தான் பாத்திரத்தின் உயிர் தொங்குகிறது.

அன்றிரவு நடந்ததைச் சொல்கிறேன். நான் குறிப்பிட்ட முதலாண்டு மாணவர் நம்மைப் போலத் தமிழ் வழியில் பள்ளி முடித்து வந்தவர். ஆங்கிலத்தில் படிப்பார், பேசத் தயங்குவார். மூன்று வாரம் முயன்று ஒரு வாள் வீரனை உருவாக்கி வைத்திருந்தார். சண்டையில் அவருடைய வீரன் காயப்பட்டு, இன்னும் ஓர் அடி பட்டால் சாவான் என்ற நிலையில் அரக்கன் முன் நின்றான். அவனைக் காப்பாற்ற எண்ணி, தோழனாக ஆடிய இன்னொருவர் தம் முறை வந்தபோது அவனைப் பிடித்து அரக்கனின் கை எட்டாத இடத்துக்குத் தள்ளிவிட்டார். நல்ல யோசனை. ஆனால் நடுவர், "எட்டும் தூரத்தை விட்டு விலகுகிறவனை எதிரி ஓர் அடி அடிக்கலாம், இது விதி" என்று சொல்லிப் பகடையை உருட்டினார். பதினான்கு விழுந்தது. வீரன் செத்தான்.

நண்பர்களே, அது விதியில் பாதி. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பும், அதைத் திருத்தி 2024-இல் வந்த நூலும் மறுபாதியையும் சொல்கின்றன. தன் நடையால், தன் செயலால் விலகுகிறவனுக்குத்தான் அந்த அடி. பிறர் தள்ளியதால் இடம் மாறியவனுக்கு அந்த அடி கிடையாது. நகர்ந்தவன் வேறு, நகர்த்தப்பட்டவன் வேறு.

எல்லைக் கிராமத்தில் வளர்ந்தவனுக்கு இந்த வேறுபாட்டைப் புத்தகம் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளை ஒரு மாநிலம், கூப்பிடு தூரத்துப் பாறசாலை ஒரு மாநிலம் என்றாயிற்று. என் தாத்தா தாமாக நடந்து அங்கே போனவர். எங்கள் அண்டை வீட்டுத் தமிழர் பலர் ஓரடியும் எடுத்து வைக்கவில்லை. கோடுதான் வந்து விழுந்தது. "நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள்?" என்று எங்களைக் கேட்கலாம், அவர்களைக் கேட்கலாமா? போனவனையும் போக வைக்கப்பட்டவனையும் ஒரே கோலால் அளப்பது நீதியன்று என்பது எங்கள் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். அந்த நூலின் அந்தப் பக்கத்தை நான் படித்திருந்தேன். அந்த மாணவர் என் முகத்தைப் பார்த்தார். அவரால் அந்த விதியை ஆங்கிலத்தில் வாதிட முடியவில்லை, என்னால் முடியும். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. ஏன்? நடுவர் எனக்கு நண்பர். மேஜையில் இருந்த மற்றவர்கள் விரைந்து ஆங்கிலம் பேசுகிறவர்கள். அவர்கள் நடுவே, எழுத்து எழுத்தாக விதி பேசும் பட்டிக்காட்டான் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று எண்ணினேன். என் கோழைத்தனத்துக்கு அந்த வீரன் பலியானான். அந்த மாணவர் தம் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வர்றேன் அண்ணே" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கு மறுப்புச் சொல்வோர் உண்டு. "ஒவ்வோர் அடிக்கும் நூலைப் புரட்டினால் சண்டை வழக்குமன்றமாகிவிடும், கதை செத்துவிடும், நடுவரின் முடிவே முடிவு என்று விட்டுவிடுவதே மேல்" என்பது அவர்கள் கட்சி. இந்தக் கட்சியை எளிதில் தள்ளிவிட முடியாது. இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1824-இல் பிரஷ்யப் படையின் இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பவர், அதிகாரிகளுக்குப் பயிற்சி தரக் கிரீக்ஷ்பீல் என்னும் போர் விளையாட்டை வெளியிட்டார். நிலப்படம், படைக்கட்டைகள், பகடை, இழப்புப் பட்டியல்கள், இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு நடுவர் என எல்லாம் அதில் உண்டு. பட்டியல்கள் பெருகப் பெருக ஆட்டம் ஆமை நடை போடலாயிற்று. 1876-இல் வெர்டி து வெர்னுவா என்னும் தளபதி, பகடையையும் பட்டியலையும் ஒதுக்கிவிட்டுப் போரறிந்த நடுவரின் முடிவுக்கே விட்டுவிடலாம் என்ற வழியை முன்வைத்தார். அதற்குச் சுதந்தரக் கிரீக்ஷ்பீல் என்று பெயர்.

அவர் வழியில் பொருள் உண்டு. எழுதிய விதி எதுவும் எல்லா நிலைமைக்கும் விடை எழுதி வைத்திருக்காது. எரியும் ஓலைக் கூரையிலிருந்து குதிக்கிறவன் வாளை ஓங்க முடியுமா என்பதற்கு நூலில் வரி தேடிப் பயனில்லை; நடுவர்தான் சொல்ல வேண்டும். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. வெர்னுவா எதிர்பார்த்த நடுவர் போர்க்களம் கண்டவர். நம் விடுதி நடுவரோ போரைத் திரைப்படத்தில் கண்டவர்! விதி பேசாத இடத்தில் அவர் பேசட்டும். விதி தெளிவாகப் பேசும் இடத்தில் அவர் அதன் வாயைப் பொத்தலாமா?

பிறரை மட்டும் குறை கூறி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, எங்கள் திண்ணைப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைத் தமிழில் நடத்தினேன். நடுவர் நான். களம் நெய்யாற்றின்கரை. அவ்வூர்க் கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப்பிலாவு என்ற பெயரில் ஒரு பழம் பலா மரத்தின் எச்சத்தைக் காத்து வைத்திருக்கிறார்கள். 1729-இல் திருவிதாங்கூர் அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மர், அதற்கு முன் பகைவர் துரத்தியபோது அம்மரத்தின் பொந்துக்குள் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது அங்கே வழங்கும் கதை. அதையே எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கம் இளவரசர் கூட்டம். மறுபக்கம் தேடி வரும் வீரர்கள். தேடும் வீரனாக ஆடிய பக்கத்து வீட்டு மலையாளச் சிறுவன், "மரப் பொந்துக்குள்ள பார்க்கிறேன்" என்றான். "உருட்டு" என்றேன். பத்தொன்பது விழுந்தது!

எனக்குத் திக்கென்றது. இளவரசர் பிடிபட்டால் கதை என்னாவது? சட்டென்று, "இருட்டு நேரம், இருபது விழுந்தால்தான் தெரியும்" என்றேன். இளவரசர் கூட்டத்துப் பிள்ளைகள் கைகொட்டினார்கள். அந்தச் சிறுவன் கைகொட்டவில்லை. பத்து வயதுப் பிள்ளை; என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்:

"சேட்டா, அது உருட்டுறதுக்கு முன்னாடி சொல்லணும் இல்லையா?"

சுவரோரம் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. விடுதி நடுவர் விதியில் பாதியை மறந்தார். நானோ இல்லாத விதியைப் பகடை விழுந்த பின் படைத்தேன். இருவரில் பெருங்குற்றவாளி யார்? நான்தான். அவர் அறியாமல் செய்தார். நான் எண்ணைப் பார்த்துவிட்டுச் செய்தேன். என் தவற்றை ஒப்புக்கொண்டேன், இளவரசர் பிடிபட்டார். கதை செத்ததா? இல்லை. சிறைப்பட்ட இளவரசரை மீட்க மறுநாள் முழுவதும் பிள்ளைகள் திட்டம் தீட்டினார்கள். என் கதையைவிட அவர்கள் கதை நன்றாயிருந்தது.

ஆகவே, ஆடுவோர் எல்லோர் முன்னும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது: சண்டை விதிக்குப் பொருள் சொல்வதானால் பகடை விழுமுன் சொல்லுங்கள். எத்தனை விழ வேண்டும், தவறினால் என்னாகும் என்பதை உரக்கச் சொல்லிவிட்டு உருட்டுங்கள். உருட்டிய பிறகு ஐயம் வந்தால், விழுந்த எண் நிற்கட்டும். புதிய பொருள் அடுத்த ஆட்டத்திலிருந்து நடக்கட்டும். ஆனால் நூலில் தெளிவாக உள்ளதை மறந்து ஓர் உயிரைப் பறித்துவிட்டால் அதைத் திருப்பித் தர வெட்கப்படாதீர்கள். விதியை மாற்றுவது வேறு. விதிக்குத் திரும்புவது வேறு.

இரண்டாவது: ஒருவருக்குச் சொன்ன பொருளையே எல்லோருக்கும் சொல்லுங்கள். நேற்று நண்பருக்கு "மறைந்து நிற்கிறாய்" என்று தந்த வசதியை இன்று புதியவருக்கு மறுக்காதீர்கள். ஒரு தாளில் குறித்து வைத்தால் போதும். நினைவு நண்பர் பக்கம் சாயும், தாள் சாயாது.

மூன்றாவது: எல்லோருக்கும் புரியும் மொழியில் சொல்லுங்கள். ஆங்கில நூல் மேஜையில் இருக்கட்டும். நான் அதற்குப் பகைவன் அல்லன். ஆனால் விதியை நன்கு அறிந்தவர் வெல்வது வேறு, ஆங்கிலத்தை விரைந்து பேசுகிறவர் வெல்வது வேறு. வாதாட மொழி வராததால் ஒருவரின் வீரன் சாவானென்றால், அந்த மேஜையில் அவர் ஆட்டக்காரர் அல்லர். வேடிக்கை பார்க்க வந்தவர்.

நம் சங்கம் பேச்சுப் போட்டி நடத்துகிறது. பொங்கல் விழா நடத்துகிறது. இதையும் நடத்தலாம். சண்டை விதிகளை என் சொந்தத் தமிழில் இரண்டு பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறேன்: அடி, கவசம், மறைதல், விலகல், வீழ்தல். விலகல் என்ற தலைப்பின் கீழ் முதல் வரியாக, தள்ளப்பட்டவனுக்கு அடி இல்லை என்று எழுதியிருக்கிறேன். குறை இருந்தால் திருத்துங்கள். ஆட்டம் தொடங்குமுன் திருத்துங்கள். இடம் தரச் சங்கம் இசைந்தால் மேஜை போடுவது என் பொறுப்பு.

அந்த முதலாண்டு மாணவரின் அறைக்குப் போனேன். நான் படித்திருந்தும் பேசாமலிருந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அண்ணே, வெறும் ஆட்டந்தானே" என்றார். ஆனால் நான்காக மடித்த அந்தத் தாள் அவருடைய பாடநூலுக்குள் பக்கக் குறியாக இருந்ததைக் கண்டேன். அவர் வருவாரா, மாட்டாரா என்பது அவர் விருப்பம். வந்தால், அந்த வீரன் அரக்கனின் கைக்கு எட்டாத இடத்தில் உயிரோடு நிற்பான். பகடை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.